பந்தும் பகடியும்



சென்ற மாதம் வந்த மடல்களுள் ஒன்றை மேசையின் ஓரத்திலேயே வைத்திருந்தேன். மறுமொழி எழுத அமர்ந்தபோதெல்லாம், இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்று தோன்றியது. நமது முத்துக்குளித்துறைக் கரையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தாய் எழுதியது. ஊரின் பெயரையோ அம்மையாரின் பெயரையோ ஈண்டு குறிப்பிடுவது முறையன்று. செய்தியை மட்டும் அவருடைய சொற்களிலேயே தருகிறேன்.

"அண்ணாச்சி அவர்களுக்குத் தோத்திரம். எங்கள் ஊர்த் திருவிழாவின் எட்டாம் நாள் இரவு இளைஞர்கள் ஒரு சிரிப்பு நாடகம் போட்டார்கள். கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றியது. கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இப்போது எனக்குப் பொறுக்கவில்லை."

நாடகத்தின் கதை எளியது. ஒன்றுக்கும் உதவாத ஓர் அணி பக்கத்து ஊர் அணியை எதிர்த்து ஆடுகிறது. அந்த அணியில் ஒரு திக்குவாயர். ஒரு கறுத்த பையன். இருட்டில் பல் மட்டும் தெரிகிறது என்பது அவனைக் குறித்த நகைச்சுவை. மீன் பதப்படுத்தும் கம்பெனியில் வேலைசெய்யும் வடக்கத்திப் பிள்ளை ஒருவன். எதைச் சொன்னாலும் "அச்சா" என்று தலையாட்டுவான், அவ்வளவுதான். இறுதியாகச் சேலை உடுத்தி, வயிற்றில் தலையணை கட்டி, பந்து வீச ஓடிவரும் "குண்டு அக்கா". அவள் ஓடிவரும்போது மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள் தகரத்தை அடித்து நிலநடுக்க ஓசை எழுப்புகிறார்கள். பந்து முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்னால் போய் விழுகிறது.

அம்மையாரின் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். சற்றுப் பருத்த உடல்வாகு. பள்ளி அணியில் வேகப் பந்து வீசுகிறவள். அவ்வூரில் பந்து வீசும் பெண்பிள்ளை அவள் ஒருத்தியே. மறுநாள் காலை குழாயடியில் நின்ற சிறுவர்கள் அவளை நாடகத்துப் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். தகரம் அடிப்பதுபோல் வாயால் ஓசை எழுப்பினார்கள். "பிள்ளை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பந்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். மூன்று கிழமையாகப் பயிற்சிக்குப் போகவில்லை. இளைஞர்களிடம் கேட்டதற்கு, 'சினிமாவில் வருவதைத்தானே அக்கா போட்டோம், சும்மா தமாசுக்குத்தானே' என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

சினிமாவில் வருவதைத்தான் போட்டோம் என்று அப்பிள்ளைகள் சொன்னது பொய்யன்று. ஆகையால் சினிமாவிலிருந்தே தொடங்குவோம்.

விளையாட்டைப் பற்றிய திரைப்படங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஏழை அணி, கண்டிப்பான பயிற்சியாளர், இடைவேளைக்கு முன் ஒரு தோல்வி, கடைசிப் பந்தில் வெற்றி. அச்சு எல்லாருக்கும் தெரிந்ததாயிருப்பதால் அதைக் கேலி செய்வதும் எளிது. தமிழில் அவ்வாறு சிரித்துக்கொண்டே அச்சை உடைத்த படம் என்றால் 2007 ஏப்ரலில் வெளிவந்த 'சென்னை 600028' நினைவுக்கு வரும். வெங்கட் பிரபு இயக்க, எஸ்.பி.பி. சரண் தயாரித்தது. விசாலாட்சி தோட்டத்து இளைஞர்கள் 'ஷார்க்ஸ்' என்றும், ராயபுரத்து இளைஞர்கள் 'ராக்கர்ஸ்' என்றும் பெயர் வைத்துக்கொண்டு தெருக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். (ராயபுரம் என்னும் பெயரே அங்குள்ள புனித ராயப்பர் ஆலயத்தால் வந்தது என்பதை நம்மவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. படகோட்டிகளும் மீனவர்களும் வாழ்ந்த கரை அது.) ஆறு பந்தில் நாட்டையே மீட்கும் வீரர் எவரும் இப்படத்தில் இல்லை. பெரிய வீரர்களாகத் தம்மைக் கருதிக்கொள்ளும் இவர்கள் சின்னஞ்சிறு பையன்களின் அணியிடம் தோற்றுப்போகிறார்கள். அக்காட்சியில் சிரிக்காதவர் அரியர்.

அங்கே கேலிக்கு இலக்காவது எது? வீராவேசம். தன்னைத் தானே பெரிதாக நினைத்துக்கொள்ளும் இளமைச் செருக்கு. வறுமையோ, நிறமோ, தெருவோ அங்கே கேலிப்பொருள் ஆகவில்லை. ஆயினும் அப்படத்தில் ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். அத்தனை பேர் ஆடும் கதையில் பெண்பிள்ளை ஒருத்தியின் கையிலும் பந்து இல்லை. பெண் வருகிறாள், நண்பனின் தங்கையாக, நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வருவதற்குக் காரணமாக வருகிறாள். அதற்குமேல் அவளுக்கு அக்கதையில் வேலையில்லை. ஒருவரை இழிவாகக் காட்டுவது ஒரு வகை. காட்டாமலே விட்டுவிடுவது மற்றொரு வகை. அம்மையாரின் மகள் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் மனம் புண்பட்டிருக்க மாட்டாள். தன்னைப்போன்ற ஒருத்தியை அதில் தேடியும் கண்டிருக்க மாட்டாள்.

இவ்வகைப் படங்களுக்கெல்லாம் வழிகாட்டியாக அமைந்த 'லகான்' 2001 ஜூனில் வந்த இந்திப் படம். ஆஷுதோஷ் கோவாரிகர் இயக்கியது. 1893ஆம் ஆண்டில் நடப்பதாகக் கதை. வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால் வெள்ளைக்காரத் துரைமாரைக் கிரிக்கெட்டில் வெல்ல வேண்டும். அந்த அணியில் இஸ்லாமியர் உண்டு, சீக்கியர் உண்டு, கச்ரா என்னும் தீண்டப்படாதவரும் உண்டு. கச்ரா என்றால் குப்பை என்று பொருள். ஊனமுற்ற கையால் அவன் எறியும் பந்து தானாகவே சுழல்கிறது. அவனைச் சேர்க்கக் கூடாதென்று ஊரே எதிர்க்கும்போது கதாநாயகன் அவனுக்காக வாதாடுகிறான். நல்ல காட்சிதான்; அன்று திரையரங்குகளில் கைதட்டல் எழுந்தது. ஆனால் ஊன்றிப் பாருங்கள்: கச்ரா தனக்காகப் பேசுவது மிகக் குறைவு. அவனுடைய திறமையும் உழைப்பால் வந்ததன்று, ஊனத்தால் வந்தது. அவனைத் தூக்கிவிடுகிறவன் பேசுகிறான்; தூக்கிவிடப்படுகிறவன் கைகூப்பி நிற்கிறான்.

இதனோடு உண்மை வரலாற்றை ஒப்பிட்டால் வியப்பாயிருக்கும். கதை நடக்கும் அதே காலத்தில் புனே நகரில் பல்வங்கர் பாலு என்னும் தலித் இளைஞர், வெள்ளையர் மன்றத்தில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்து, அவர்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசிப் பழகியே இடக்கைச் சுழற்பந்து வீச்சில் மேதையானார். ஆடுகளத்தில் அவருடைய பந்தைத் தொட்ட உயர்சாதித் தோழர்கள், இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே தனி மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர் அவரே. அணித் தலைமை மட்டும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் இந்து அணியின் தலைமை கிட்டியது. வாதாட ஒரு கதாநாயகன் வரும்வரை இவர்கள் காத்திருக்கவில்லை. போராடிப் பெற்றார்கள்.

கச்ராவின் கதை அத்துடன் முடியவில்லை. படம் வந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜூனில், சுற்றுச்சூழல் நாளையொட்டிச் சொமாட்டோ என்னும் உணவு விநியோக நிறுவனம் ஒரு வேடிக்கை விளம்பரம் வெளியிட்டது. கச்ராவாக நடித்த அதே ஆதித்ய லாகியாவை விளக்காகவும் பிற வீட்டுப் பொருள்களாகவும் உட்காரவைத்துக் காட்டினார்கள். குப்பையிலிருந்து இத்தனை பொருள் செய்யலாம் என்பது செய்தியாம்! சொல்லின் இருபொருளை வைத்து விளையாடியதாக அவர்கள் நினைத்திருக்கக்கூடும். மனிதனை மேசைப்பொருளாக வைத்ததைக் கண்டு நாடெங்கும் கண்டனம் எழுந்தது. விளம்பரம் விலக்கிக்கொள்ளப்பட்டது, தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையமும் விளக்கம் கேட்டது. படத்தில் பரிவோடு படைக்கப்பட்ட ஒருவன் பகடியில் பொருளாகிப்போனான். அவனுக்கென்று வாய் கொடுக்கப்படாத குறை முதலிலேயே இருந்ததால்தான் பின்னவர்களுக்கு அது அவ்வளவு எளிதாயிற்று என்பது என் கருத்து.

வாய் கொடுத்தல் என்றேன். இதை நமக்கு விளங்கவைக்கத் தூத்துக்குடியில் பிறந்த ஒருவரே இருக்கிறார். ஜே.பி. சந்திரபாபு 1927 ஆகஸ்டில் நம் ஊரில் பிறந்தவர். பனிமய மாதாவின் பெயரால் பனிமயதாசன் என்று அவருக்குப் பெயர். குடும்பப் பெயர் ரொட்ரிகஸ். இளமையில் சில காலம் கொழும்பில் வளர்ந்தார். 1974 மார்ச்சில் மறைந்தார். 1958இல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் வந்த 'சபாஷ் மீனா'வில் சிவாஜி கணேசனுடன் இவர் இரட்டை வேடம் பூண்டார். அவற்றுள் ஒன்று சென்னை ரிக்‌ஷாக்காரர். அந்த ரிக்‌ஷாக்காரரின் பேச்சைக் கேட்டு நாடே சிரித்தது. ஆனால் அவர் இழிந்தவராக நம் நினைவில் நிற்கவில்லை. எதிரில் நிற்கும் படித்தவரை ஒரு சொல்லால் மடக்கிவிடும் சாமர்த்தியம் அவருக்கு உண்டு. சிரிப்பு அவர் கையில் இருந்தது.

இதில் ஒன்று என்னை நெடுநாளாக உறுத்துகிறது. நம் கரையின் மைந்தர் சென்னைத் தமிழைப் பேசி நாட்டைச் சிரிக்கவைத்தார். நம் கரையின் தமிழைப் பேசிச் சிரிக்கவைக்க அவருக்கோ, பின்வந்த எவருக்குமோ சினிமா இடம் கொடுத்ததா? அக்காலத்துப் படங்களில் கிறிஸ்தவர் என்றால் எப்படி வருவார்? கள்ளக்கடத்தல் தலைவனின் கையாள் என்றால் பீட்டர் அல்லது ராபர்ட். மதுக்கூடத்தில் ஆடும் பெண் என்றால் ரீட்டா. பேச்சு முழுதும் ஆங்கிலமும் தமிழும் கலந்த ஒரு செயற்கை மொழி. மச்சாதும் பெர்னாண்டோவும் கோமஸும் வாஸும் வலை இழுத்துக்கொண்டும் தோணியில் சரக்கேற்றிக்கொண்டும் தூய கடற்கரைத் தமிழ் பேசி வாழ்ந்த செய்தி கோடம்பாக்கத்துக்கு எட்டவே இல்லை. 1964இல் 'படகோட்டி' வந்தது, 1977இல் 'மீனவ நண்பன்' வந்தது, இரண்டிலும் எம்.ஜி.ஆர். மீனவராகவே வந்தார். உப்புக்காற்று அவர் மேனியில் பட்டதாகத் தெரியவில்லை! நம் ஊர்களைப் படம் பிடிக்கும் கேமரா பின்னாளில் வந்தது. 2012இல் 'நீர்ப்பறவை', 2013இல் 'கடல்' ஆகியவை மணப்பாட்டுக் கரையைக் காட்டின. உவரியைச் சேர்ந்த எழுத்தாளர் ஜோ டி குரூஸ், தூத்துக்குடியைக் களமாகக் கொண்ட 'கொற்கை' நாவலுக்காக 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். ஆயினும் நம் மக்கள் திரையில் சிரிக்கவைக்கிறவர்களாக இன்னும் வரவில்லை. பெரும்பாலும் அழுகிறவர்களாகவே வருகிறார்கள்.

விளையாட்டுப் படத்தில் மீனவர் குலப் பெண் கதாநாயகியாக வந்தது 2016 ஜனவரியில், சுதா கொங்கரா இயக்கிய 'இறுதிச் சுற்று' படத்தில். வடசென்னைக் கரையில் மீன் விற்கும் மதி, குத்துச்சண்டை வீராங்கனை ஆகிறாள். வாய்த்துடுக்கு மிக்கவள், பயிற்சியாளரையே கேலி செய்கிறவள். நடித்த ரித்திகா சிங் உண்மையிலேயே சண்டைக்கலை பயின்றவர். தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டையும் பெற்றார். எனக்குப் பிடித்த படம். ஆனாலும் மதியின் வெண்ணிறத்துக்கு விளக்கம் தரும்பொருட்டு, தாய் வடநாட்டவர் என்று கதையில் ஒரு காரணம் புகுத்த வேண்டியிருந்தது. நண்பகல் வெயிலில் கரையில் மீன் உலர்த்தும் நம் பெண்பிள்ளை ஒருத்தியின் நிறத்துக்கு எந்த விளக்கமும் தேவைப்பட்டிராது.

இனி இளைஞர்கள் எங்கிருந்து "குண்டு அக்கா"வை எடுத்தார்கள் என்பதற்கு வருகிறேன். 2019 அக்டோபரில், தீபாவளிக்கு வந்த 'பிகில்' படத்தை அவர்களுள் பலர் பலமுறை பார்த்திருப்பார்கள். அட்லி இயக்கம், விஜய் கதாநாயகர். தமிழ்நாட்டு மகளிர் கால்பந்து அணியைப் பற்றிய கதை. அமிலம் வீசப்பட்ட பெண் ஒருத்தி மீண்டும் ஆட வருவது போன்ற நல்ல பகுதிகளும் அதில் உண்டு. அதே படத்தில் பாண்டியம்மா என்னும் பருத்த உடல் கொண்ட ஆட்டக்காரி வருகிறாள். இறுதி ஆட்டத்தில் அவளுக்கு வேகம் பிறக்க வேண்டும் என்று பயிற்சியாளரே அவள் பருமனைச் சொல்லி இழித்துப் பேசுகிறார். அவளும் சினம்கொண்டு பாய்ந்து ஆடுகிறாள். அவமதிப்பு மருந்தாகிவிட்டதாம். பெண்களைப் பெருமைப்படுத்த எடுத்த படத்தில் இஃது எதற்கு என்று அப்போதே பலர் கண்டித்தனர். சுவையான செய்தி ஒன்று: அப்படத்தின் விளம்பரப் படத்தில் கதாநாயகர் இறைச்சி வெட்டும் கட்டையின்மேல் கால் வைத்திருந்தார் என்று கோயம்புத்தூர் இறைச்சி வணிகர்கள் வருந்தி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தம் தொழிற்கட்டைக்காக அவர்கள் வாய் திறந்தார்கள். பாண்டியம்மாவுக்காகக் கடைத்தெருவில் திரண்டு நின்ற சங்கம் ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை.

மெய்யான தமிழ்நாட்டு மகளிர் கால்பந்து அணி, படம் வருவதற்கு முந்தைய ஆண்டே, 2018 பிப்ரவரியில், கட்டாக் நகரில் மணிப்பூரை 2–1 என்று வென்று தேசியக் கோப்பையைக் கைப்பற்றியது. 2023 ஜூனில் மீண்டும் வென்றது. எவரும் எவரையும் இழித்துரைத்து அந்தக் கோப்பைகள் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. கிரிக்கெட்டில் 2025 நவம்பரில் நம் மகளிர் உலகக் கோப்பையை வென்றதை அம்மையாரின் மகள் நிச்சயம் பார்த்திருப்பாள். அதற்கு முந்திய அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்து அவுஸ்திரேலியாவை வீழ்த்தத் துணைநின்றவர் ஜெமிமா ரொட்ரிகஸ். மும்பைக்காரர்தான்; ஆயினும் அந்தக் குடும்பப் பெயரைச் செவியுற்றபோது நம் கரைவீடுகளில் எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்!

அந்த வடக்கத்திப் பிள்ளையைக் குறித்தும் ஒரு சொல். 1968இல் 'படோசன்' என்ற இந்திப் படம் வந்தது. மெஹ்மூத் என்னும் பெரிய நகைச்சுவை நடிகர், அதில் குடுமி வைத்த தமிழ் இசையாசிரியராக வந்து, தமிழன் இந்தி பேசினால் எப்படியிருக்கும் என்று நடித்துக்காட்டினார். வடக்கே மக்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். மும்பையிலும் கல்கத்தாவிலும் வேலைக்குப் போயிருந்த நம்மவர்களுக்கு அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்று நம் துறைமுகத்திலும் மீன் பதப்படுத்தும் கூடங்களிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடற்கரை மணலில் அவர்களும் பந்து ஆடுகிறார்கள். அன்று இரவு மேடைக்கு எதிரே அவர்களுள் சிலரும் நின்றிருக்கக் கூடும்.

நம் இளைஞர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை குறைவு. என் பதினெட்டாம் வயதில் ஆலய முற்றத்து மேடையில் நான் ஏற்ற வேடம், குடித்துவிட்டுத் தள்ளாடும் கட்டுமரக்காரன். லுங்கியை அவிழவிட்டு விழுவதே என் நடிப்பு. முன்வரிசையில் இருந்த கட்டுமரக்காரர்களே மற்றெவரையும்விட உரக்கச் சிரித்தார்கள். அவர்களே சிரிக்கிறார்களே, பின் என்ன குறை என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். பிற்பாடுதான் விளங்கிற்று: ஊரே சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் அது தன்னைத்தான் குறிக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கு அஞ்சியும் மனிதர் சிரிப்பதுண்டு. அம்மா, அன்று நீங்கள் சிரித்ததற்கும் அதுவே காரணமாயிருக்கலாம். உங்களை நீங்கள் அளவுக்கு மீறி நொந்துகொள்ள வேண்டாம்.

அப்படியானால் பகடியே கூடாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேட்டுமிருக்கிறார்கள். அம்மையாரின் மடலுக்குப் பின் அவ்வூர் இளைஞர் இருவர் வேறொரு காரியமாக வந்தபோது, இந்தப் பேச்சை எடுத்தேன். "அப்படிப் பார்த்தா எதையுமே நடிக்க முடியாதே, அண்ணாச்சி" என்றார் ஒருவர். பகடி வேண்டும் என்றேன். நகைப்பை எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவதாகத் தொல்காப்பியர் வைத்திருக்கிறார்; எள்ளலும் அதற்கு நிலைக்களம் என்று அவரே சொல்கிறார். உங்கள் நாடகத்தில் கேலிக்குரியவர் வேறு பலர் இருக்கிறார்களே என்றேன். பந்தயப் பணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கணக்குக் காட்டாத குழுத்தலைவர் இல்லையா? தன் மகனை மட்டும் முதலில் மட்டை பிடிக்க அனுப்பும் ஊர்ப் பெரியவர்? எல்லாம் தெரிந்ததுபோல் ஒலிபெருக்கியில் வருணனை செய்கிறவர்? (பத்திரிகையில் மாதந்தோறும் அறிவுரை எழுதுகிற ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். அதற்கு மட்டும் இருவரும் மனம்விட்டுச் சிரித்தார்கள்.)

'கூல் ரன்னிங்ஸ்' என்னும் 1993ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தை அவர்களுக்குச் சொன்னேன். பனியையே காணாத ஜமைக்கா நாட்டுக் கறுப்பின இளைஞர் நால்வர் 1988இல் கனடாவின் கால்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வண்டி ஓட்டப் போன உண்மை நிகழ்ச்சியை வைத்து எடுத்த நகைச்சுவைப் படம். படம் பல இடங்களில் உண்மையை மாற்றியிருக்கிறது. மெய்யான போட்டியில் வண்டி கவிழ்ந்தபின் அவர்கள் அதன் அருகே நடந்து எல்லைக்கு வந்தார்கள். படத்திலோ தோளில் சுமந்து வருகிறார்கள். அது போகட்டும். குளிரில் அவர்கள் நடுங்குவதைப் பார்த்துச் சிரிக்கிறோம், கீழே விழுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் நால்வரும் நமக்கு நான்கு தனி மனிதர்களாகத் தெரிகிறார்கள். ஒருவன் பணக்கார வீட்டுப் பிள்ளை, தந்தைக்கு அஞ்சுகிறவன். ஒருவன் எப்போதும் எரிந்து விழுகிறவன். "கறுத்த பையன்" என்ற ஒரே பெயரில் நால்வரையும் அடைத்துவிடவில்லை.

தமிழிலும் அந்த வழி திறந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து' படத்தை இளைஞர்கள் இருவருமே பார்த்திருந்தார்கள். சாதியின் பொருட்டு ஊர் அணியில் நிலையான இடம் மறுக்கப்படும் ஆட்டக்காரனே அதன் கதாநாயகன். அதைச் சொல்லும்போது படம் அழவுமில்லை, முழங்கவுமில்லை. பாதி நேரம் சிரிக்கவைக்கிறது. கணவன் வேலையை விட்டு ஆடப்போய்விட்டான் என்று மனைவி ஆடுகளத்தையே டிராக்டரால் உழுதுவிடுகிறாள்! அக்காட்சியைச் சொன்னவுடன் இருவர் முகமும் மலர்ந்தது. "அவளைப் பார்த்துச் சிரித்தீர்களா, ஆடப்போனவனைப் பார்த்துச் சிரித்தீர்களா?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "அவனைப் பார்த்துத்தான்" என்றார் இளையவர். டிராக்டரை ஓட்டுகிறவள் அவள் அல்லவா?

உங்கள் குண்டு அக்காவுக்கு நாடகத்தில் எத்தனை வசனம் என்று அடுத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். வடக்கத்திப் பிள்ளைக்கு ஒரு சொல். திக்குவாயருக்கு ஒரு வாக்கியம், அதுவும் முடியுமுன் வெட்டப்படுகிறது. குழுத்தலைவருக்கு மட்டும் நான்கு பக்கம். அவர்களே விரல்விட்டு எண்ணிச் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள்.

நம் கரையின் பழைய விளையாட்டு வீரர்களைப் பற்றி எவரும் படம் எடுக்கவில்லை. இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக மூச்சடக்கிக் கடலடிக்குப் போய் வந்த முத்துக்குளிப்பாளரின் ஆற்றல் எந்த ஒலிம்பிக் வீரருக்குக் குறைந்தது? 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. சங்கு குளித்த பெரியவர்களை இன்றும் கரையில் காணலாம். அவர்கள் சொல்லும் வேடிக்கைக் கதைகளைக் கேட்டிருக்கிறீர்களா? கடலுக்குள் சுறாவைக் கண்டு அஞ்சியதைவிட, கரையில் சம்மாட்டியின் கணக்குப்பிள்ளையைக் கண்டு அஞ்சியதைச் சொல்லும்போதுதான் அவர்களுக்குச் சிரிப்பு அடங்காது. தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளவும் தெரியும். கணக்குப்பிள்ளையை விட்டுவிடவும் மாட்டார்கள்.

இளைஞர்கள் எழுந்துபோகும் வேளையில் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அடுத்த திருவிழாவுக்கு நாடகம் எழுதும்போது, முதலில் அந்தப் பெண்பிள்ளை வீசும் பந்தை ஓர் ஆறு முறை எதிர்கொண்டுவிட்டு எழுதுங்கள் என்றேன். மூத்தவர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பிள்ளை பள்ளிக்கூட மைதானத்துல போட்டதை நான் பார்த்திருக்கேன் அண்ணாச்சி. நம்ம பையன்கள்ல அதை அடிக்க ஆள் இல்ல" என்றார். "இதை அவளிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார்.

இம்மாதம் பத்தாம் நாள் அம்மையாரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. இரண்டு பையன்கள் வீட்டுவாசலில் வந்து நின்றார்களாம். என்ன சொல்வதென்று தெரியாமல் வெகுநேரம் நாயைத் தடவிக்கொண்டிருந்தார்களாம். மகள் உள்ளிருந்தபடியே, தகரம் அடித்தவன் யார் என்று மட்டும் கேட்டாளாம். இருவருள் இளையவர், தான்தான் என்றாராம். பந்து இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அலமாரிச் சாவியைப் பிள்ளை தன்னிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள் என்றும் கீழே, வேறு மையில், ஒரு வரி சேர்த்திருக்கிறார்.